கதையை வெட்டி வாசிக்காதீர்கள்: யாங்கோன் தமிழ்ப் பங்குகளின் தந்தையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தந்தையருக்கும், வேதியர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் முதலில் வரும் நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளர் கதையைப் பற்றி உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறை, பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று இந்தப் பகுதி நம் கோவில்களில் வாசிக்கப்படுகிறது. கடைசியாக வந்தது 2025 செப்டம்பர் 21 அன்று. இனி 2028 செப்டம்பரில்தான். அன்றைக்கு வாசக நூல் இரண்டு வழி கொடுக்கிறது. 1 முதல் 13 வரை முழுதாக வாசிக்கலாம். நேரம் இல்லையென்றால் 10 முதல் 13 வரை மட்டும் வாசிக்கலாம். எங்கள் பங்கில் சின்னதைத்தான் வாசித்தார்கள். அதாவது கதை வரவே இல்லை. கதைக்குப் பிறகு வரும் அறிவுரை மட்டும் வந்தது. சிறியதில் நம்பத் தகுந்தவன் பெரியதிலும் நம்பத் தகுந்தவன், கடவுளுக்கும் செல்வத்துக்கும் சேர்த்து ஊழியம் செய்ய முடியாது, அவ்வளவுதான். மறையுரையும் கணக்கு வழக்கில் நாணயமாக இருங்கள் என்று முடிந்தது.

நல்ல புத்திமதிதான். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அதே பக்கத்தில், அதற்கு நேர் மேலே, கணக்கைத் திருத்திய ஒருவனை அவன் முதலாளியே பாராட்டுகிறார். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு நாணயத்தைப் பற்றிப் பேசினால், இயேசு சொன்னதில் பாதியைத்தான் நாம் கேட்டோம் என்று ஆகிறது.

கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பணக்காரருக்கு ஒரு பொறுப்பாளர். சொத்தை விரயம் செய்கிறார் என்று யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள். கணக்கை ஒப்படை, உனக்கு இனி வேலை இல்லை என்கிறார் முதலாளி. இவருக்கு மண் வெட்டத் தெம்பில்லை, கையேந்த வெட்கம். ஒரு யோசனை வருகிறது. முதலாளியிடம் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். நூறு குடம் எண்ணெய் பாக்கி வைத்தவனிடம், உன் சீட்டை எடு, சீக்கிரம் உட்கார்ந்து ஐம்பது என்று எழுது என்கிறார். நூறு மூடை கோதுமைக்காரனிடம் எண்பது என்று எழுதச் சொல்கிறார். வேலை போனபின் இவர்கள் வீட்டில் நமக்கு ஒரு திண்ணை கிடைக்கும் என்பது கணக்கு. விஷயம் முதலாளிக்குத் தெரியவருகிறது. அவர் கோபப்படவில்லை. முன்மதியோடு நடந்தான் என்று மெச்சுகிறார்.

எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இதை வீட்டில் படித்துவிட்டு வந்து, அப்படியானால் ஆண்டவர் களவை மெச்சுகிறாரா என்று கேட்டாள். அது பெரியவர்களுக்கான பகுதி, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. பெரியவர்களுக்கான மறையுரையிலும் அது வரவில்லை. பிள்ளை எங்கே போய்க் கேட்பாள், சொல்லுங்கள்.

இந்தக் கதையைச் சலவை செய்து கொடுக்கும் விளக்கம் ஒன்று இருக்கிறது. நம் போதகர்கள் சிலருக்கும் அது பிடித்தமானது. பொறுப்பாளர் தள்ளுபடி செய்தது முதலாளியின் பணத்தை அல்ல, தனக்கு வரவேண்டிய தரகைத்தான். ஆகவே அவர் யோக்கியர், ஆகவே பாராட்டு என்பது அந்த விளக்கம். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நான் பாயின்நாவுங் சந்தையில் ஒரு பயறு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு இது ஒத்துவரவில்லை. என் முதலாளிக்கு நீர் எவ்வளவு தரவேண்டும் என்றுதானே அவர் கேட்கிறார்? சீட்டு முதலாளியின் பேரில் இருக்கிறது. சரிபாதி தரகு என்று எந்த மண்டியில் கேட்டிருக்கிறோம்? தவிர, தன் பங்கைத்தான் விட்டுக்கொடுத்தார் என்றால் பாராட்டுகிற அதே வரியில் நேர்மையற்றவர் என்று ஏன் சொல்லவேண்டும்?

கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. சீட்டில் இவர் கை வைக்கவே இல்லை. கடன்காரனையே எழுத வைக்கிறார். எழுத்து கடன்காரனுடையதாக இருந்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தாலும் மாற்றம் தெரியாது. எழுதியவனும் காட்டிக்கொடுக்க மாட்டான், அவனும் கூட்டாளி ஆகிவிட்டானே. சீக்கிரம் உட்கார் என்று அவசரப்படுத்துவதும் அதற்குத்தான். தொழில் தெரிந்த ஆள். இவரை யோக்கியராக்கப் பார்ப்பது வீண்வேலை என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் தரகு விளக்கத்தை முற்றாகத் தள்ளவும் மனம் வரவில்லை. அதில் ஒரு உண்மைத் துணுக்கு இருக்கிறது. சக இஸ்ரயேலனிடம் வட்டி வாங்காதே என்று விடுதலைப் பயணம் 22, லேவியர் 25, இணைச்சட்டம் 23 எல்லாம் சொல்கின்றன. வட்டி வாங்க முடியாத இடத்தில் என்ன செய்வார்கள்? முதலிலேயே வட்டியைச் சேர்த்து எழுதி வாங்குவார்கள். ஐம்பது குடம் கொடுத்துவிட்டு நூறு கொடுத்ததாகச் சீட்டு. நம் ஐராவதி டெல்டாவில் இது யாருக்கும் புதிதல்ல. நடவு நேரத்தில் ஒரு கூடை நெல் வாங்கினவன் அறுப்பில் ஒன்றரை, இரண்டு என்று அளந்து கொடுத்த காலம் இருந்தது. எண்ணெயில் ஐம்பது, கோதுமையில் இருபது என்று தள்ளுபடி வேறுவேறாகத் தெரிந்தாலும் அன்றைய விலைக்கு இரண்டும் ஏறத்தாழ 500 வெள்ளிக்காசு என்று வேத ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்காசு என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. சீட்டிலிருந்து கழிந்தது அந்த வட்டியாகவே இருந்தால், முதலாளிக்குத் துரோகம் செய்த அதே கை மோசேயின் சட்டம் கேட்டதைச் செய்துவிட்டது. இந்தச் சங்கடத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதும் அல்ல. தமிழர்களில் பர்மாத் தமிழனைப்போல இதைப் புரிந்துகொள்ள வாய்த்தவன் வேறு யார்? இன்று ஷ்வே பொந்தா தெரு என்று சொல்கிறோமே, பழைய மொகல் தெரு, அதுதான் செட்டியார் வட்டிக்கடைகளின் தெரு. 1929-30இல் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். இங்கே கடையை நடத்த அவருடைய முகவரான மேலாள், அவருக்குக் கீழே உதவிக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன்கள். மேலாள் மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார், ஊருக்கு ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்கை அனுப்புவார், தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். லூக்கா சொல்லும் ஆள் மொகல் தெருவில் வந்து நின்றிருந்தால், என்ன செட்டியாரே, எந்தக் கடை என்று கேட்டிருப்பார்கள்.

1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. விவசாயி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலமெல்லாம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 6 சதவீத நிலம். 1937 வாக்கில் அது 25 சதவீதம். நிலம் வேண்டுமென்று அவர்கள் கேட்டதாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனாலும் சீட்டில் இருந்த எண் சீட்டில் இருந்தபடியே இருந்தது. நாணயமான கணக்கு. அதனால் வந்த வெறுப்பு செட்டியாரோடு நிற்கவில்லை. தமிழ் பேசிய ஒவ்வொருவர் தலையிலும் விடிந்தது. நிலமும் நிலைக்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது ஓட்டம், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். அப்புறம் 1964இல் கடைகள் பறிபோனதும், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

1931இல் மேலாள் ஒருவர், சீட்டை எடு, பாதி என்று எழுது என்று சொல்லியிருந்தால் அவர் காரைக்குடி முதலாளிக்குத் துரோகி. அதில் சந்தேகம் இல்லை. முதலாளியின் பணம் என்பது அவர் பணம் மட்டும் அல்ல, உறவுக்காரப் பெண்களின் வைப்புத்தொகையும் அதில் இருந்திருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. துரோகம் யாரையோ பாதிக்கத்தான் செய்யும். இருந்தாலும் பர்மியக் கிராமத்தில் அவருக்கு ஒரு திண்ணை கிடைத்திருக்கும் இல்லையா?

நம்மில் பெரும்பாலோர் செட்டியார் வழி வந்தவர்களும் அல்ல. கூலிக்கு ஆள் சேர்த்த மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அந்தக் கடனோடு துறைமுகத்துக்கும் அரிசி ஆலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நாம். கதையில் சீட்டோடு கூப்பிடப்பட்ட இரண்டாவது ஆள் நம் கொள்ளுத்தாத்தா. பீடத்தில் நின்று இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் எப்போதும் பொறுப்பாளரைப் பற்றியே பேசுகிறோம். நூறு எண்பதானதைக் கண்டு அந்த கோதுமைக்காரன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னான் என்று ஒருவராவது பேசக் கேட்டதில்லை.

இயேசு மெச்சியது கெட்டிக்காரத்தனத்தை மட்டும்தான், செயலை அல்ல என்றும் ஒரு பதில் உண்டு. லூக்காவிலேயே நீதியற்ற நடுவன் வருகிறான், இரவில் வரும் திருடன் வருகிறான். மோசமான ஆட்களை உவமைக்கு எடுப்பது ஆண்டவருக்கு வழக்கம்தான் என்பார்கள். சரி. ஆனால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எத்தனையோ வழி இருந்தன. கல்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். கடன்காரர்களை நெருக்கி வசூலித்து முதலாளியின் காலில் விழுந்திருக்கலாம். கதை சொன்னவர் அதையெல்லாம் விட்டுவிட்டுக் கடன் குறைப்பதைத் தேர்ந்தெடுத்தார். 9ஆம் வசனத்தில் நேர்மையற்ற செல்வத்தைக் கொண்டு நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள், அது தீரும்போது அவர்கள் உங்களை நிலையான உறைவிடங்களில் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார். அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொரு பணக்காரன் வருகிறான். வாசலில் இலாசர் கிடந்தான். அவனை நண்பனாக்கிக்கொள்ள இவனுக்குத் தோன்றவில்லை. செத்தபின் ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அவன் கணக்கில் ஏதும் தவறு இருந்ததாக லூக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? என் எளிய புத்திக்கு இந்த இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக உட்கார வைக்கப்பட்டவை. பணம் பிடுங்கப்படும் கடைசி நேரத்தில் அதை அடுத்தவன் பாரத்தைக் குறைக்கப் பயன்படுத்திய ஒரு களவாணி. காலமெல்லாம் கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாத ஒரு நல்ல கணக்கு. பொறுப்பாளர் தன் நலத்துக்காகத்தான் செய்தார். அதை இயேசுவும் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டாம்.

அதே ஞாயிறுக்கு முதல் வாசகம் ஆமோஸ் 8. அதைச் சேர்த்து யோசித்ததுண்டா என்று தெரியவில்லை. மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, ஒரு சோடி காலணிக்கு ஏழையை வாங்கி, கோதுமைப் பதரையும் விற்போம் என்று பேசிக்கொள்ளும் வியாபாரிகளைப் பார்த்து இறைவாக்கினர் கத்துகிறார். எங்கள் கிட்டங்கியில் சாயங்காலம் தரையைக் கூட்டி அள்ளும் உளுந்தில் பாதி மண்ணும் தோலும்தான். அதைச் சல்லடையில் அலசி நல்ல மூட்டையின் நடுவே போடுகிற கடைகள் உண்டு. மாதிரி எடுக்கக் குத்தும் குத்தூசி மேலேயும் கீழேயும்தான் போகும், நடுவே போகாது. ஆமோசுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். அந்த வாசகத்தை முழுதாக வாசித்துவிட்டு நற்செய்தியில் மட்டும் கதையை வெட்டுவது சரியில்லை. ஏழையை அமுக்கும் கணக்கை முதல் வாசகம் காட்டுகிறது. ஏழையை விடுவிக்கும் கள்ளக் கணக்கை நற்செய்தி காட்டுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால்தான் தலை சுற்றும். சுற்றட்டுமே.

கேட்பது பெரிய காரியம் இல்லை. 2028இல் முழு வாசகத்தையும் வாசியுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்; மறைக்கல்வி வகுப்பில் இந்த ஆண்டே எடுக்கலாம். இளையவர்கள் பர்மிய விவிலியத்தில் படித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, பேச்சு தமிழில் நடக்கட்டும். பொறுப்பாளரை நல்லவனாக்கித் தராதீர்கள். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள்; பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள், மழுப்பலைத்தான் தாங்க மாட்டார்கள். மறையுரையில் செட்டியார் காலத்தையும் மேஸ்திரிக் கடனையும் சொல்ல வெட்கப்பட வேண்டாம், அது நம் சொந்தக் கதை. இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இன்று நம் பங்குகளிலேயே நாள் வட்டிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே திருப்பலிக்குத்தான் வருகிறார்கள். ஐம்பது என்று எழுது என்ற அந்த வரி அவர்கள் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழவேண்டும். வாசித்துவிட்டு நீங்கள் அன்றைக்கு வேறு மறையுரையே செய்யாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

இப்படிக்கு,
பாயின்நாவுங் சந்தையில் கணக்கு எழுதும் ஒரு பங்குமகன்
யாங்கோன்