கோரிக்கைப் படிவம் கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் திவால் சட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் தான் திவாலாகாமலே திவால் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுகிறவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் அப்படி இழுக்கப்பட்டவன்.

நியூ ஜெர்சியில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் திவால் மனு போட்டதும், வரவேண்டிய பாக்கிக்காக அவசர அவசரமாகக் கோரிக்கைப் படிவம் கொடுத்தேன். அப்புறம் சில மாதங்களில், திவாலானவரின் சொத்தைக் கவனிக்கும் டிரஸ்டி என் மேலேயே வழக்குப் போட்டார். மனுவுக்கு முந்தைய 90 நாளில் நாங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். கடன் வரவேண்டிய மற்றவர்களை முந்திக்கொண்டு வாங்கிய பணம் என்று சட்டம் அதைப் பார்க்கிறது. வழக்கமான வியாபார முறையில் வந்த பணம் என்று நிரூபித்தால் தப்பலாம். மாதாமாதம் பில் போட்டு, செய்த வேலைக்கு வாங்கிய கூலி அது. அதை ஒரு ஜூரியிடம் சொல்ல ஆசைப்பட்டேன்.

வழக்கை ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றி ஜூரி விசாரணை கேட்கலாமா என்று வக்கீலிடம் கேட்டதற்கு, "படிவம் கொடுக்காமல் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்" என்றார். படிவம் கொடுத்தவருக்கு இந்த மாதிரி வழக்கில் ஜூரி உரிமை இல்லை என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோசடியாகக் கைமாறியது என்று சொல்லப்பட்ட பணத்தைக் கேட்டு வந்த ஒரு வழக்கில், படிவம் கொடுக்காதவருக்கு அந்த உரிமை உண்டு என்று முந்தைய வருடம்தான் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

சட்டப்படி திவால் வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. அதுதான் அவற்றைத் திவால் நீதிபதியிடம் அனுப்பி வைக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்ளக் கேட்கும் மனுவை மாவட்ட நீதிபதியே விசாரிப்பார். அவர் பதவி ஆயுளுக்கும் உண்டு, சம்பளத்தைக் குறைக்க முடியாது. திவால் நீதிபதிக்கோ 14 ஆண்டுப் பதவிதான். இந்த வித்தியாசம் பெரிதா என்று சிலர் கேட்பார்கள். திவால் மனு போட்டிருந்த நடிகை அன்னா நிக்கோல் ஸ்மித்துக்கு, இறந்த கணவரின் சொத்துத் தகராறில் திவால் நீதிமன்றம் 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் அதைச் சுமார் 8.8 கோடியாகக் குறைத்தது. அந்த விஷயத்தில் இறுதித் தீர்ப்புச் சொல்லத் திவால் நீதிபதிக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் முடிவு சொன்னபோது, ஸ்மித் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

மாற்றக் கேட்பதென்றால் காலதாமதம் கூடாது. மாற்றக் கேட்டு மனு போட்டதால் மட்டும் வழக்கு நின்றுவிடாது. எதுவும் சொல்லாமல் விசாரணையில் கலந்துகொண்டால், திவால் நீதிபதியே தீர்ப்புச் சொல்ல நாம் சம்மதித்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு அதற்கு இடம் கொடுக்கிறது.

படிவமே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்காவிட்டால் பாக்கியும் போய்விடலாம். கடைசி 90 நாளில் அந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கணக்குப் பார்த்து, அதை வக்கீலிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி