ஹோம் தியேட்டர் வாங்கும்முன் பின்தகட்டைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

தீபாவளி நெருங்கினால் ஹோம் தியேட்டர் விளம்பரங்களில் ‘5.1’ (ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), ‘4,000 வாட்’ என்ற இரண்டு எண்கள்தான் கொட்டை எழுத்தில் வருகின்றன. 50,000 ரூபாய்க்குள் ஒரு செட் தேடும் குடும்பத்துக்கு இரண்டுமே உதவாது.

அந்த 4,000, கண நேர உச்சம் என்று சொல்லப்படும் பி.எம்.பி.ஓ. வாட்; அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. யாரும் எதையும் அச்சடிக்கலாம். தொடர்ந்து தரக்கூடிய வாட்டான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பின்தகட்டில் மின்நுகர்வைப் பாருங்கள். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கும் பெட்டி, 4,000 வாட்டுக்கு எங்கே போகும்?

பெயர்பெற்ற நிறுவனங்களின் ரிசீவரிலும் (ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குத் தரும் பெட்டி) பொடி எழுத்து முக்கியம். ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலித்தடம்), 6 ஓம் ஸ்பீக்கர் மின்தடையில், 10 சதவீத ஒலிச்சிதைவுவரை முடுக்கி அளந்தால் 130 வாட் என்று வரும். அதே ரிசீவரை 8 ஓமில், இரண்டு சேனலோடு, காது கேட்கும் வீச்சான 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள் நிறுத்தி அளந்தால் 70 சொச்சம்தான். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. அதுவே தாராளம். 88 டெசிபல் உணர்திறன் (1 வாட்டுக்கு 1 மீட்டர் தள்ளிக் கேட்கும் ஒலி) உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 90 டெசிபலுக்கு மேல் கேட்கும். 10க்கு 12 அடி ஹாலில் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே பட்ஜெட்டில் பாதிக்குமேல் ரிசீவருக்குப் போகக் கூடாது, மீதி ஸ்பீக்கருக்கு. காசு போதவில்லையென்றால் முன்பக்க ஜோடியை மட்டும் நல்லதாக வாங்கி, வசனத்துக்கான நடு ஸ்பீக்கர் (சென்டர்), சப்வூஃபர், பின்பக்க ஜோடி என்று பிறகு சேர்க்கலாம். அதுவரை ரிசீவர் மெனுவில் சென்டரை ‘இல்லை’ என்று மாற்றிவிட வேண்டும். மறந்தால் வசனம் காணாமல் போகும்.

‘5.1’ என்பதிலும் ஏமாற்று உண்டு. ஆக்ஸ், புளூடூத், யுஎஸ்பி மட்டும் உள்ள செட்டில் ஸ்பீக்கர் ஐந்து இருக்கலாம். டிவியிலிருந்து உள்ளே வருவது இரண்டு சேனல்தான், அதையே ஐந்துக்கும் பங்கிடுகிறார்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற பலசேனல் ஒலி வடிவங்களைப் பிரித்தெடுக்கும் டீகோடர் உள்ளதா என்பதே கேள்வி. டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வேண்டும். ஆப்டிகல் (ஒளியிழை) கேபிள் வழியே ஓடிடியின் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது; டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தந்தால்தான் உண்டு. ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி.க்காகக் கூடுதல் பணம் இந்த பட்ஜெட்டில் தேவையில்லை.

வாங்கியபின் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. எச்டிஎம்ஐ கேபிளை ரிசீவரின் ‘இன்’ துளையில் செருகுவது. சரியானது ‘அவுட்’, டிவி பக்கம் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய துளை. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அமைப்பை பி.சி.எம்.மிலேயே (சுருக்காத டிஜிட்டல் ஒலி) விட்டுவிடுவது; ஏ.ஆர்.சி.யில் பி.சி.எம். என்றால் இரண்டு சேனல்தான், ‘பாஸ்த்ரூ’ (வந்த ஒலியை மாற்றாமல் அனுப்புவது) அல்லது ‘ஆட்டோ’ வைக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கருப்பு முனைகளில் வயர் இடம்மாறினால் பாஸ் (கனத்த ஒலி) செத்துவிடும். வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைக்காட்சி காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் சென்டரை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். ஸ்பீக்கர்களை அறைக்கு ஏற்பச் சரிசெய்ய, ரிசீவரோடு வரும் மைக்கால் அறையை அளக்கும்போது ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். சென்னையில் இது சிரமம்தான், ஆனால் ஃபேன் சத்தத்தோடு அளந்த அளவு தப்பாகவே வரும்.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பழைய ரிசீவர் பார்ப்பவர்கள் பின்தகட்டில் வோல்டேஜைப் படிக்காமல் பிளக்கில் செருக வேண்டாம். 100, 120 வோல்ட் என்றால் அது ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ செய்தது; நம் 230இல் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ எரியும். பழையதில் எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான நகல்தடுப்பு முறை) இல்லாவிட்டால் 4கே படம் அதன் வழியே போகாது. பிளேயரை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி.யில் எடுத்தால் போதும்.

ஸ்பீக்கர் வயர் 1.5 ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பாக இருக்கட்டும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம். ரிசீவருக்கு மேலே அரையடி இடைவெளியும் தேவை. மூடிய ஷோகேஸுக்குள் மே மாத வெயிலில் அது சூடேறித் தானே அணைந்துகொள்ளும். பெசன்ட் நகர், திருவான்மியூர்போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் வயர் முனை பச்சை பூத்திருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்த்து, பூத்திருந்தால் வெட்டி, புதிதாகச் சீவி முடுக்க வேண்டும்.

விளம்பரம் ஏற்கும்போது, வாட் எண்ணோடு அது ஆர்.எம்.எஸ்.ஸா, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவில் அளந்தது என்ற ஒரு வரியையும் சேர்த்துத் தரும்படி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாமே.

இப்படிக்கு,
வாசகர்,
நங்கநல்லூர், சென்னை