பட்டியல் போட்டவரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள திம்புக்து நகரத்து அரபிக் கையெழுத்துப் பிரதிகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2013 ஜனவரியில் ஆயுதக் குழுவினர் ஊரை விட்டு ஓடும்போது சுமார் 4,000 பிரதிகளைக் கொளுத்தியது, அதற்கு முன்பே அவ்வூர் நூலகர் அப்துல் காதர் ஹைதாராவும் அவரோடு இருந்தவர்களும் பெரும்பாலானவற்றைப் பெட்டிகளில் அடுக்கி, தரை வழியாகவும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுபோனது எல்லாம் விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் ‘தொலைந்த புதையல்’ என்ற தலைப்பு மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவை தொலையவே இல்லை. அந்த ஊர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் வைத்துக் காத்தவை. அப்புறம், அந்த நிலத்து அறிஞர்கள் யார், என்னென்ன எழுதினார்கள் என்று ஆயுள் முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்ட ஜான் ஹன்விக் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

ஹன்விக் 1936-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் அரபி படித்து முடித்த கையோடு, 1960-ல் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்துக்கு அரபி கற்பிக்கப் போனார். நாடு விடுதலை பெற்ற வருடம் அது. ஆப்பிரிக்காவுக்கு என்று வரலாறே கிடையாது, அங்கே போன ஐரோப்பியரின் வரலாறுதான் உண்டு என்று ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஒருவர் கூசாமல் பேசிய காலமும் அதுதான். அரபி படித்தவர்களுக்கு ஆப்பிரிக்கா ஒரு ஓரம். ஆப்பிரிக்கா படித்தவர்களுக்கு அரபி வேறு யாருடைய பாடமோ. இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்தவை இந்த ஏடுகள்.

1964-ல் இபாதானில் அரபு ஆவண மையத்தை அவர் தொடங்கினார். அங்கே நடந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீடுகளிலிருந்து ஏடுகளை இரவல் வாங்கி, மைக்ரோஃபிலிமில் படம் எடுத்து, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சொத்து வீட்டில், படம் மையத்தில். கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பிய நூலகங்களுக்குக் கப்பல் ஏறிய சுவடிகளை நினைத்தால், இது எவ்வளவு கண்ணியமான முறை என்று புரியும்.

அதற்குப் பிறகு கானா, கெய்ரோ என்று ஆசிரியப் பணி. மேற்கு ஆப்பிரிக்காவின் சோங்காய்ப் பேரரசை ஆண்ட அஸ்கியா முஹம்மது கேட்ட கேள்விகளுக்கு அல்-மகீலி என்ற மார்க்க அறிஞர் கொடுத்த பதில்களை ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினார். 1981 முதல் 2004 வரை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். திம்புக்துக்காரரான அஸ்-ஸஃதீ 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘தாரீகுஸ் ஸூதான்’ வரலாற்றின் பெரும்பகுதியை 1999-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2015-ல் காலமானார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ‘ஆப்பிரிக்காவின் அரபு இலக்கியம்’ என்ற தொகுதிகளைப் பற்றி. ஓஃபாஹி என்ற அறிஞரோடு சேர்ந்து தொடங்கிய வரிசை. நைஜீரியாவையும் சுற்று வட்டாரத்தையும் பற்றிய தொகுதி 1995-லும், மாலி, கானா பக்கத்துத் தொகுதி 2003-லும் ஹன்விக்கின் உழைப்பில் வந்தன. உட்கார்ந்து வாசிக்கிற புத்தகம் அல்ல அது. ஆசிரியர் பெயர், யாரிடம் படித்தார், என்னென்ன எழுதினார், பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். நைஜீரியப் பகுதியிலுள்ள சொக்கோட்டோவின் நானா அஸ்மாவு என்ற பெண்மணி அரபி, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா என்று மூன்று மொழிகளில் கவிதை எழுதியவர். அவருக்கும் அதில் இடம் உண்டு. வரலாறே இல்லை என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இன்னார், இன்ன நூல், இன்ன இடத்தில், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிறு வயதில் மதரஸாவில் ஓதியவன்தான், இருந்தாலும் முதல் வரியிலேயே தடுக்கியது. பிறகுதான் பிடிபட்டது: மேற்கு ஆப்பிரிக்காவில் எழுதும் முறையில் ஃபே என்ற அரபு எழுத்துக்குப் புள்ளி கீழே, காஃப் என்ற எழுத்துக்கு மேலே இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு புள்ளி. பக்கத்தின் அடியில் சாய்வாக ஒரு சொல், அடுத்த பக்கத்தின் முதல் சொல். தைக்காத தனி ஏடுகள் கலைந்தாலும் வரிசைப்படுத்திக்கொள்ள அதுதான் வழி.

நைஜீரியப் பக்கத்து மக்கள் தங்கள் ஹவுஸா மொழியை அரபு எழுத்தில் எழுதி ‘அஜமி’ என்றார்கள். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ட, ப, ங போன்ற ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி, இடம் மாற்றி, தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தைக்கா ஷுஐப் ஆலிம் 1993-ல் ஒரு பெரிய நூலில் இதையெல்லாம் நிறையத் திரட்டித் தந்தார். ஆனாலும் பரண்களில் கிடப்பவை இன்னும் கிடக்கின்றன. என் உம்மாவின் தாயார் தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓதிய ‘மாலை’ என்ற பாட்டு வகைப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. முதல் நான்கு பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. யார் எழுதியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அரபுத்தமிழ் ஏடுகள் வைத்திருப்போர் அவற்றைப் படம் எடுக்க இரவல் தரும்படி உங்கள் இதழில் ஒரு வேண்டுகோள் வெளியிடுங்கள். படம் எடுக்க ஏதேனும் கல்லூரி முன்வந்தால், முதல் ஆளாக என் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காயல்பட்டினம்