துடைத்தால் போதுமா?

ஐயா,

போன மாதம் அம்மாவுக்குத் துணையாகச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நான்கு இரவு தங்கினேன். ஒரே ஈரத்துணியால் மூன்று கட்டில் கம்பிகளையும் துடைத்துவிட்டுப் போனார்கள். பழைய பிளாஸ்திரியின் பிசுக்கு அப்படியே இருந்தது. பார்வைக்குச் சுத்தம், சரி. கிருமி? ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பஞ்சில் ஒற்றி எடுத்து வளர்த்துப் பார்க்க 24 முதல் 48 மணி நேரமாகும். அதற்குள் அடுத்த நோயாளி அதே கட்டிலில் படுத்திருப்பார். உயிரணுக்களில் இருக்கும் ஏடிபி என்ற வேதிப்பொருளை மின்மினிப் பூச்சியின் நொதியைக் கொண்டு அளக்கும் கைக்கருவியோ சில நொடிகளில் அழுக்கைக் காட்டிவிடும். (எந்தக் கிருமி என்று சொல்லாது, அதற்குத்தான் குறிப்பிட்ட கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம் பூசிய பயோசென்சர்கள், அதாவது உயிரி உணர்கருவிகள்.) கட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை அளந்து, அந்த எண்ணைத் தலைமாட்டில் எழுதி வைக்கட்டும்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.