மழைக்கு முன் பாலத்தின் வடிகுழாயைப் பாருங்கள்

பாலப் பராமரிப்பைப் பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவரவர் பிரிவிலுள்ள பழைய பாலங்களில் முதலில் வடிகுழாய்களைப் பார்த்துவிடுங்கள். விரிசலைத் தேடும் அளவுக்கு நாம் தண்ணீர் போகும் வழியைத் தேடுவதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2022 ஜனவரி 28 அன்று ஃபெர்ன் ஹாலோ பாலம் பஸ்ஸோடு சரிந்த கதை அங்கேதான் தொடங்கியது. வடிகால் அடைத்து, எஃகுக் காலின் அடியில் ஈரக் குப்பை சேர்ந்து, துரு தகட்டையே தின்றுவிட்டது. ஆய்வறிக்கைகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லியும் பழுது பார்க்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு.

விரிவு இணைப்புக்கு (வெப்பத்தில் பாலத் தளம் விரிந்து சுருங்க விடும் இடைவெளி) கீழே, தூண் தலையில் மண் படிந்திருந்தால் அள்ளிவிட்டு, பாலத்தின் மேற்பகுதியைத் தூணின் மேல் தாங்கும் பேரிங்கைப் பாருங்கள். எஃகுப் பாலமென்றால் துருவைச் சுரண்டி, மிச்சத் தடிமனை அளந்து எழுதுங்கள். சுத்தம் செய்தபின் எடுத்த படத்தையும் குழுவில் போடுங்கள்.