ரோமா வேறு, ருமேனியா வேறு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி ருமேனியாவின் க்ளூஷ் நகரத்தில் மருத்துவம் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்துகூட இப்போது தெரிகிறது.

ஜிப்சிகள் என்று சொல்கிறோமே, அந்த ரோமா மக்கள் அங்கே நிறைய இருப்பதால்தான் நாட்டுக்கு ருமேனியா என்று பேர் வந்ததா என்று கேட்டிருந்தாய். இல்லையடா. அந்த இரண்டு பெயர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ருமேனியர் பேசுவது லத்தீனிலிருந்து பிறந்த மொழி. 'ரோமானுஸ்', அதாவது ரோமாபுரியான் என்ற சொல்தான் அவர்கள் வாயில் 'ருமின்', 'ரொமின்' என்று ஆனது. அக்கம்பக்கத்தார் அவர்களை 'விலாக்' என்றுதான் அழைத்தார்கள். ஆனால் 1521-இல் நியாக்ஷு என்ற வணிகர் எழுதிய கடிதத்திலேயே 'ருமினர் நாடு' என்று வருகிறது. ருமேனிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கடிதம் அது.

ரோமாக்கள் பேசும் ரோமானி மொழியின் வேர் இந்தியாவில் இருக்கிறது. தண்ணீருக்குப் 'பானி', மூக்குக்கு 'நாக்', கறுப்புக்குக் 'காலோ', பத்துக்குத் 'தெஷ்'. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு மட்டும் கிரேக்கச் சொற்கள். கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் நெடுநாள் தங்கியதன் தடம் அது. 'ரோம்' என்ற பேர் வடஇந்தியாவின் 'டோம்' என்ற சாதிப் பேரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. டகரம் ரகரமாகிவிட்டது. ஆர்மேனியாவில் அதே பேர் 'லோம்', சிரியாப் பக்கம் இன்றும் 'டோம்'.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1770-களில் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ரூடிகர் என்பவர் ஒரு ரோமாப் பெண்ணிடம் சில வாக்கியங்களைச் சொல்லி, அவள் மொழியில் கேட்டு எழுதிக்கொண்டார். அவற்றை ஒரு இந்துஸ்தானி இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இது இந்திய மொழிதான் என்று 1782-இல் அச்சிட்டார். அந்த இலக்கணத்தை எழுதியவர் யார் தெரியுமா? தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்த பெஞ்சமின் ஷூல்ட்ஸ்! சீகன்பால்கு விட்டுப்போன தமிழ் பைபிள் வேலையை முடித்துவைத்தாரே, அதே பாதிரியார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ருமேனிய மண்ணில் ரோமாக்கள் அடிமைகளாக இருந்தார்கள். பிற்பாடு ருமேனியாவாக இணைந்த சிற்றரசுகளில் ஒன்றான வலாக்கியாவில் திஸ்மானா மடத்துக்கு 40 ரோமாக் குடும்பங்களை உரிமையாக்கிய சாசனம் 1385-ஆம் ஆண்டினது. மடங்களும் பிரபுக்களும் அவர்களை விற்றார்கள், வாங்கினார்கள். இன்னொரு சிற்றரசான மோல்தாவியாவில் 1855-இலும் வலாக்கியாவில் 1856-இலும்தான் முழு விடுதலை வந்தது. ரோமாக்களை மற்றவர்கள் அழைத்த 'ட்சிகான்' என்ற சொல் அங்கே அடிமையையே குறித்தது. 1971-இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு 'ரோமா' என்பதை ஏற்றது. ஆனால் நாட்டின் பேரோடு குழம்புகிறது என்று சொல்லி, 1995-இல் ருமேனிய வெளியுறவு அமைச்சகமே 'ட்சிகான்' என்று எழுதச் சொன்னது. 2000-இல்தான் அதைக் கைவிட்டார்கள். பேர் ஒலிப்பில் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு சனத்தின் பேரையே பிடுங்குவது என்ன நியாயம்? அங்கே பலர் இப்போது இரண்டு ரகரம் போட்டு 'ர்ரோம்' என்று எழுதுகிறார்கள். அது நல்ல வழி.

பேத்தியிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. கூடப் படிக்கிற பிள்ளைகள் 'ட்சிகான்' என்று சாதாரணமாகச் சொல்லக்கூடும். அவள் வாயில் அது வர வேண்டாம். நாளைக்கு அவளிடம் வைத்தியத்துக்கு வருபவர்களில் அந்தச் சனமும் இருக்கும்.

தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? பொங்கல் கழித்துத் திருச்சி வருகிறேன், நேரில் பேசுவோம்.

அன்புடன்,
முத்தையா