சுறா ஈரலை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் உயிர்வேதியியலாளர் கொன்ராட் பிளாக்கைப் பற்றி அரைப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தமிழில் எதாவது வந்தால் கத்தரித்து நோட்டில் ஒட்டுவது, வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். இதைக் கத்தரிக்கவில்லை. கொலஸ்ட்ரால் கொடியது என்று கண்டுபிடித்ததற்காக அவருக்கு 1964இல் நோபல் பரிசு கிடைத்தது என்று தொடங்கி, முட்டையையும் இறாலையும் ஒதுக்கச் சொல்லி முடித்திருக்கிறீர்கள். அந்த மனிதர் பார்த்த வேலை அதுவல்ல.

கொலஸ்ட்ராலை உடம்பு எதிலிருந்து, எப்படிச் செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. யூதர் என்பதால் 1934இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. சுவிட்சர்லாந்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1936இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிட்டன்பர்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, கன ஹைட்ரஜனால் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) அடையாளமிட்ட அசிட்டேட்டை எலிகளுக்குக் கொடுத்து, அந்த அடையாளம் கொலஸ்ட்ராலில் போய் நிற்பதைக் காட்டினார். அசிட்டேட் ஒன்றும் அரிய சரக்கல்ல; காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்புதான். இரண்டே கார்பன் அணு. கொலஸ்ட்ராலிலோ 27. பிளாக்கும் இங்கிலாந்தில் கார்ன்ஃபோர்த், போப்ஜாக் ஆகியோரும் ஒவ்வோர் அணுவாகத் துருவி, 15 அணு அசிட்டேட்டின் ஒரு முனையிலிருந்தும் 12 மறுமுனையிலிருந்தும் வந்தவை என்று கணக்குத் தீர்த்தார்கள். பரிசைப் பகிர்ந்துகொண்ட மியூனிக் நகர உயிர்வேதியியலாளர் லைனனைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. போகட்டும்.

நம் மாவட்டத்துக்காரனாக எனக்கு வருத்தம், சுறாவை விட்டுவிட்டதில்தான். அசிட்டேட்டுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் நடுவில் ஸ்குவாலீன் என்று ஒரு எண்ணெய்ப்பொருள் இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ அதைச் சுறா ஈரல் எண்ணெயில் கண்டு, ஸ்குவாலஸ் என்ற சுறாவின் பெயரையே வைத்தார். பிளாக் அதைச் சோதிக்கச் சுறா ஈரலைத் தேடிப் பெர்முடா தீவு வரை போனார். அங்கே காரியம் கைகூடவில்லை. பிறகு சிகாகோவில் லாங்டன் என்ற ஆய்வாளரும் அவரும், ஸ்குவாலீன் கொலஸ்ட்ராலாக மாறுவதை எலியை வைத்துத்தான் நிரூபித்தார்கள்.

மூக்கையூரில் என் அப்பா சுறா ஈரலைத் துண்டு போட்டுத் தகர டின்னில் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவார். மேலே மிதக்கும் எண்ணெயைச் சிரட்டை அகப்பையால் வழித்தெடுத்து வத்தைப் (சிறு படகு) பலகைக்குப் பூசுவார். ஒரு வாரத்துக்கு வீட்டுச் சோற்றிலும் அந்த வாடைதான். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, உடம்பைத் தூக்கிப் பிடிப்பது அந்த ஈரல் எண்ணெய்தான் என்று நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, "பின்னே ஈரல் எதற்கு அவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த துண்டை நறுக்கினார். ஆனால் ஒன்று: ஸ்குவாலீன் மிகுந்து கிடப்பது ஆழ்கடல் சுறாக்களில்தான். ஆகவே அப்பா வத்தைக்குப் பூசியது முழுக்க ஸ்குவாலீன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் என் மதினி. கொலஸ்ட்ராலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டாடின் மாத்திரையை உங்கள் கட்டுரையைப் படித்த மறுநாளே நிறுத்திவிட்டார்கள். "இறாலையே தொடுவதில்லை தம்பி, பிறகு மாத்திரை எதற்கு?" என்கிறார்கள். தேவிபட்டினத்தில் இருந்துகொண்டு இறாலை விடுவது சின்னத் தியாகமல்ல. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இறாலை நிறுத்தினாலும் கல்லீரல் தன் உற்பத்தியை நிறுத்துவதில்லை. சாப்பாட்டில் குறைந்தால் அது கொஞ்சம் கூடுதலாகவே செய்துகொள்ளும். அசிட்டேட்டிலிருந்து போகும் அந்த நீண்ட வழியில் ஆரம்பத்திலேயே ஒரு நொதியை மறிப்பதுதான் ஸ்டாடினின் வேலை. பிளாக் போன்றவர்கள் அந்த வழியைக் கண்டிராவிட்டால் எங்கே மறிப்பது என்றே தெரிந்திருக்காது. உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஞாயிறு இணைப்பிடம் அல்ல.

ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நான் சொன்னால் மதினி கேட்கமாட்டார்கள், அச்சில் வந்தால் நம்புவார்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அவர்களுடைய கண்புரை அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.